கடைமடைக்கும் பாய வேண்டும்: கல்லூரி வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

2020-ல் ஊரடங்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், நாற்பத்தைந்து நிமிட வகுப்பை அப்படியே வீடியோவாகப் பிடித்து மாணவர்களுக்கு அனுப்பியது. மொட்டை மாடியில் பலகையைச் சாய்த்து வைத்து, பக்கத்து வீட்டுச் சேவல் கூவாத நேரமாகப் பார்த்து, மூன்று தடவை எடுத்தேன். பொருளியலில் வரும் தேவை வளைகோட்டைப் பிரமாதமாக விளக்கிவிட்டதாக எனக்கே ஒரு நினைப்பு. இரண்டு வாரம் கழித்து விசாரித்தால், வகுப்பில் பாதிப் பேர்கூட அதை முழுதாகப் பார்க்கவில்லை. ஒரு மாணவர்தான் காரணத்தை உடைத்துச் சொன்னார்: "போன் அண்ணனுது சார். அவரு வேலை முடிஞ்சு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வருவாரு. அப்ப நெட்டு தீந்துபோயிருக்கும்."

காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் கைவசம் இருக்கிறது: கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசிப் பகுதி. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிடுவார்கள். ஆனால் வேதாரண்யம் பக்கமும் பேராவூரணி பக்கமும் இருக்கிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார்கள். தங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். கல்லூரியில் தொழில்நுட்பமும் இப்படித்தான். தலைமடையில் ஸ்மார்ட் போர்டு, மென்பொருள், பயிற்சிப் பட்டறை எல்லாம் திறந்துவிடப்படுகின்றன. கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போகிற மாணவிக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்கிறது?

நான் பொருளியல் நடத்துகிறேன். டெல்டாவில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டு வகுப்பும் உண்டு. கீழே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட கல்லூரியில் கையில் ஒரு போனும் சுமாரான ஒரு மடிக்கணினியும் உள்ள ஆசிரியருக்காக எழுதியது. வேறு பாடம் நடத்துகிறவர்கள் எடுத்துக்காட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: காகிதத்தில் ஒரு கணக்கெடுப்பு

பருவம் தொடங்கிய முதல் வாரத்தில் இதைச் செய்துவிடுங்கள். கூகுள் ஃபார்ம் வேண்டாம். இணையம் இல்லாதவரை இணையத்தின் வழியாக எண்ணப் பார்ப்பது, ஊரில் இல்லாதவர்கள் யார் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பது மாதிரி. அரைத்தாள் காகிதம், பத்து நிமிடம், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவை இவை. போன் உங்களுடையதா, வீட்டில் பகிர்ந்துகொள்வதா? பகிர்ந்துகொண்டால் எந்த நேரத்தில் கைக்கு வரும்? ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி பேக்? மாதம் முழுவதும் ரீசார்ஜ் இருக்குமா, இடையில் நின்றுபோகுமா? போனில் எவ்வளவு இடம் காலி? வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா, தெருவுக்கு வர வேண்டுமா? கல்லூரிக்கு வர எவ்வளவு நேரப் பயணம், எத்தனை மணி பஸ்? படிக்கும்போது எழுத்து தெரிவதிலோ காது கேட்பதிலோ சிரமம் உண்டா? கடைசிக் கேள்விக்கு வகுப்பில் பதில் வராது. தாளை மடித்து உங்கள் கையில் நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ரீசார்ஜ் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்கள் பலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்த ஆயிரத்தில்தான் நோட்டு, தேர்வுக் கட்டணம், சில வீடுகளில் மளிகை, அப்புறம் ரீசார்ஜ். நாம் அனுப்பும் ஒவ்வொரு எம்பியும் அதிலிருந்துதான் கழிகிறது.

தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று அடுக்காகப் பிரியுங்கள். சொந்த போன், நல்ல சிக்னல் ஓர் அடுக்கு. சொந்த போன், ஆனால் சிக்னலோ ரீசார்ஜோ இழுபறி, இது இரண்டாவது. பகிர்ந்துகொள்ளும் போன், அல்லது போனே இல்லை, இது மூன்றாவது. இனி எதைத் திட்டமிட்டாலும் மூன்றாவது அடுக்கை மேலே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அவர்களுக்கு ஓடுவது மற்ற எல்லோருக்கும் ஓடும்.

இரண்டாம் படி: எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்

"எந்த ஆப் நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் போன பருவத்து அகமதிப்பீட்டுத் தாள்களில் ஓர் இருபதை எடுத்து உட்காருங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் விடை தடம் மாறியது என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள்.

நான் குறித்தபோது இரண்டு இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, விலை மாறினால் வளைகோட்டின் மேல் நகர்கிறோம், வருமானம் மாறினால் வளைகோடே நகர்கிறது என்ற வேறுபாடு. இரண்டு, வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு) என்றதும் கையிலிருந்து போன பணத்தை எழுதிவைப்பது. முதலாவதுக்கு அசைகிற படம் உதவும். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு கோட்டை விரலால் இழுத்துக் காட்டினால் இரண்டே நிமிடம். இரண்டாவதுக்கு எந்தப் படமும் உதவாது. கேள்வி கேட்டு, தப்பாகச் சொல்ல வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வைத்தால்தான் நகரும். ஒரே பாடம், ஒரே அலகு, ஆனால் இரண்டு அடைப்புக்கும் வேறு வேறு கருவி. இயற்பியல் நடத்துகிறவர்களுக்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற, திரையில் இயக்கிப் பார்க்கும் உருவகங்கள் இருக்கின்றன. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. தரவிறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமலே ஓட்டலாம்.

முதல் பருவத்தில் ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து அலகையும் ஒரே மூச்சில் மாற்றக் கிளம்பியவர்கள் ஆடிப்பெருக்குக்குள் களைத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

மூன்றாம் படி: ஒரே வாசல்

மாணவருக்கு ஆறு பாடம், ஆறு ஆசிரியர். ஒருவர் வாட்ஸ்அப், ஒருவர் கூகுள் கிளாஸ்ரூம், ஒருவர் டெலிகிராம், இன்னொருவர் மின்னஞ்சல். எந்தக் கோப்பு எங்கே என்று தேடுவதிலேயே அரை நாள் டேட்டா போய்விடும். முடிந்தால் துறையில் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். அறிவிப்புக்கு ஓர் இடம், கோப்புக்கு ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம்.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப்பை யாராலும் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். மாணவிகளுக்குத் தெரியாத எண்ணிலிருந்து "ஹாய்" வரத் தொடங்குவது பெரும்பாலும் இங்கிருந்துதான். சில வீடுகளில் அந்த ஒரு "ஹாய்" போதும், போனைப் பிடுங்கிவைக்க. சில சமயம் படிப்பையே நிறுத்த. அதனால் வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதியில் உள்ள அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்துங்கள். அங்கே அறிவிப்பை நிர்வாகி மட்டுமே போட முடியும். உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, ஏற்கெனவே சேமித்து வைத்தவர்களைத் தவிர. மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கோப்புகளுக்கு கூகுள் கிளாஸ்ரூம் எளிது, உடனே தொடங்கலாம். மூடுல் என்ற பாட மேலாண்மை மென்பொருளுக்குக் கல்லூரியில் ஒருவராவது சர்வரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் என் ஓட்டு மூடுலுக்கே. 2002-லிருந்து வரும் இலவச, திறந்த மூல மென்பொருள் அது. அதன் போன் ஆப்பில் பாடத்தைக் கல்லூரியில் வைத்தே தரவிறக்கிக்கொண்டு வீட்டில் இணையமில்லாமல் படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்து அமைத்திருந்தால் வினாடி வினாவையும் அப்படியே எழுதிவிட்டு, மறுநாள் சிக்னல் வந்ததும் அனுப்பலாம். நம் ஊருக்கென்றே செய்த மாதிரி இருக்கும் இந்த வசதியை நிறையப் பேர் திறந்தே பார்ப்பதில்லை.

நான்காம் படி: கோப்புகளைச் சரிசெய்வது

இங்கேதான் உங்கள் நேரம் அதிகம் போகும், போகவும் வேண்டும்.

முதலில் எழுத்துரு. நம் துறைகளில் இருக்கும் தமிழ்க் குறிப்புகளில் பெரும்பகுதி பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. டிடிபி சென்டரில் கொடுத்து வாங்கிய காலத்திலிருந்து கைமாறி வருகின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். படமாக்கி பிடிஎஃப் செய்து அனுப்பினால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஒரு சொல்லைத் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்காது, கோப்பும் கனம். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு. மாற்றிய பிறகு கட்டாயம் ஒரு முறை படித்துப் பாருங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்து மாற்றி வைத்திருக்கும். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

புதிதாக அடிப்பதற்குத் தமிழ்99 விசைப்பலகை பழகினால் நல்லது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தரம் அது. பழக நேரமில்லையா, போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையைத் திறந்து தமிழில் பேசுங்கள், அடித்துத் தரும். வகுப்பில் பேசும் வேகத்தில் பேசினால் தடுமாறும். செய்தி வாசிப்பது போலப் பேசினால் திருத்தம் குறைவு. கலைச்சொற்களை மட்டும் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

யூனிகோடுக்கு மாற்றுவதில் இன்னொரு பயன் உண்டு. பார்வையற்ற மாணவர்கள் போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ போன்ற, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானை வைத்துத்தான் படிக்கிறார்கள். என்விடிஏ இலவசம், தமிழும் வாசிக்கும். பாமினியைக் கொடுத்தால் அது உளறும், படமாக உள்ள பிடிஎஃப்பைக் கொடுத்தால் பேசாமல் இருக்கும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகத்தக்க கல்வியை நம் கடமையாக வைத்திருக்கிறது. நடைமுறையில் அந்தக் கடமை, எழுத்துருவை மாற்றுவதில் ஆரம்பிக்கிறது. வரைபடம் இருந்தால் அதன் கீழே இரண்டு வரியில் என்ன தெரிகிறது என்று எழுதிவிடுங்கள். பார்வையுள்ள மாணவர்களும் அந்த இரண்டு வரியைத்தான் பரீட்சையில் எழுதுகிறார்கள், அது வேறு கதை.

அடுத்து ஒலி. வீடியோவை விட்டு ஒலிக்கு வந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான மாற்றம். கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் பதிவு செய்த பத்து நிமிடப் பேச்சு 2.4 எம்பிதான் வரும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். அதே பத்து நிமிடம் வீடியோ என்றால் சுமாரான தரத்திலேயே பல மடங்கு. ஒலியைப் பஸ்ஸில் கேட்கலாம், மாடு கட்டிக்கொண்டே கேட்கலாம், வேகத்தைக் கூட்டிக் கேட்கலாம். பொருளியல், வரலாறு, இலக்கியம் போன்றவற்றில் பெரும்பகுதிக்கு இது போதும். கூடவே, ஒலியில் "இப்போது மூன்றாவது படத்தைப் பாருங்கள்" என்று சொல்வதற்கு ஒரு பக்கக் குறிப்பை பிடிஎஃப்பாக அனுப்புங்கள்.

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலை மூடினால் வியர்க்கும், மூடாவிட்டால் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி விழும். மார்கழியில் விடிகாலைப் பதிவை மறந்தே விடுங்கள்.

வீடியோ கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு: ஆய்வகச் செய்முறை, வரைபடம் வரைவது, கணக்கின் படிகள். அப்போது ஆறு நிமிடத்துக்குள் முடியுங்கள். 2014-ல் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தவர்கள், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி மாணவர் ஆறு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை என்று கண்டார்கள். என் நாற்பத்தைந்து நிமிடக் காவியம் அண்ணன் போனில் ஓடியிருந்தாலும் அவ்வளவுதான் பார்த்திருப்பார்கள் போல. உங்கள் முகம் வேண்டாம். கையும் காகிதமும் தெரிந்தால் போதும். நாலு புத்தகத்தை அடுக்கி, விளிம்பில் போனைக் குப்புற நீட்டி வைத்து மேலிருந்து எடுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியதும் இல்லை. தமிழ்வழி மாணவர்களுக்குப் புத்தகமே கிடைக்கவில்லை என்பவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை ஒரு மாலை துழாவுங்கள். கல்லூரிப் பாடங்களுக்காக முன்பு தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட நூல்கள் பல அங்கே வருடப்பட்டுக் கிடக்கின்றன. புள்ளிவிவரங்கள் பழையவை, நடை கொஞ்சம் விறைப்பு. ஆனால் கருத்து விளக்கங்களில் சில இன்றைய கைடுகளைவிடத் தெளிவு. பொருத்தமான நான்கு பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுங்கள். முந்நூறு பக்கத்தை அனுப்பிவிட்டு "படிச்சிக்கோங்க" என்று சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: வகுப்பறைக்குள்

எங்கள் துறையில் ஒரு ஸ்மார்ட் போர்டு உண்டு. ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின மாதம் வாங்கியது. அதன் பேனா அடுத்த மாதமே காணாமல் போனது. இப்போது வெள்ளைத் துணிக்குப் பதிலாக அதன்மேல் புரொஜெக்டர் ஒளி விழுகிறது. அது இல்லாமலே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991 வாக்கில் தொடங்கிய முறை இது. பத்து நிமிடம் விளக்கிவிட்டு, கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியைப் போடுங்கள். நான்கு விடை. யாரோடும் பேசாமல் ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்து காட்ட வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நீங்கள் மறுபடி விளக்க வேண்டும். 70-க்கு மேல் என்றால் இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். இடையில் இருந்தால்தான் விருந்து: விடையைச் சொல்லாமல், வேறு விடை சொன்னவரைப் பக்கத்தில் தேடிப் பிடித்து வாதாடச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் கழித்து மறுபடி வாக்கெடுப்பு.

நான் போடும் கேள்வி ஒன்று. சம்பா அறுத்த பிறகு, போர்வெல் தண்ணீர் இருந்தும், உங்கள் அப்பா மூன்று மா (சுமார் ஓர் ஏக்கர்) நிலத்தில் கோடை நெல் போடாமல் உளுந்து போடுகிறார். இதில் வாய்ப்புச் செலவு எது? அ. உளுந்து விதைக்கும் மருந்துக்கும் ஆன பணம். ஆ. கோடை நெல்லில் நின்றிருக்கக்கூடிய நிகர வருமானம். இ. நிலத்துக்குக் கொடுத்த குத்தகை. ஈ. உளுந்துச் செலவும் நெல் செலவும் கூட்டியது. முதல் வாக்கெடுப்பில் 'அ'தான் அள்ளும். அப்புறம் சத்தம் கிளம்பும் பாருங்கள். குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் 'இ'-யை விடவே மாட்டார்கள். குத்தகை எதைப் போட்டாலும் கொடுத்தாக வேண்டுமே என்று இன்னொரு மாணவி மடக்கும்போது, நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது.

வாக்கெடுப்புக்கு ப்ளிக்கர்ஸ் என்றொரு இலவச வழி இருக்கிறது. மாணவர்களிடம் போன் வேண்டாம். ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று ஓட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். பக்கத்தில் இருப்பவரால் அட்டையைப் பார்த்து விடையைச் சொல்ல முடியாது, அதனால் கூச்சமும் குறையும். போனில் சார்ஜ் இல்லாத நாளில் நெஞ்சுக்கு நேராக ஒன்று முதல் நான்கு விரல் காட்டச் சொல்லுங்கள். எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்கும், வாதம் அதே சூட்டோடு நடக்கும்.

ஆறாம் படி: சின்னச் சின்னத் தேர்வுகள்

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எல்லா ஆசிரியர் அறையிலும் பேசப்பட வேண்டியது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் மாணவர்கள் பரீட்சைக்கு முதல் நாள் இரவு கைடைப் புரட்டுவதும், மூன்றாம் நாள் எல்லாம் ஆவியாவதும் ஏன் என்று இதிலிருந்து புரியும்.

வாரம் ஒரு தடவை ஐந்து கேள்வி. மதிப்பெண் வேண்டாம், அல்லது அகமதிப்பீட்டில் துளி. ஐந்தில் இரண்டு கேள்வி போன மாதப் பாடத்திலிருந்து வரட்டும். கூகுள் ஃபார்ம் போதும், டேட்டா அதிகம் தின்னாது. போன் இல்லாதவர்களுக்கு அதே கேள்வி துண்டுச்சீட்டில். ஒரு எச்சரிக்கை: தமிழில் ஒரு சொல் விடையைத் தானாகத் திருத்தும்படி வைக்காதீர்கள். "வாய்ப்புச் செலவு" என்று இடைவெளி விட்டு எழுதியவருக்குச் சரி, சேர்த்து எழுதியவருக்குத் தப்பு, ஒற்றை விட்டவருக்கும் தப்பு என்று போட்டுவிடும். நாலு விடைக் கேள்வியே பத்திரம். தப்பான விடைகளை நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டாம் படியில் குறித்த தாளிலிருந்து, மாணவர்கள் நிஜமாகவே எழுதியவற்றை எடுத்துப் போடுங்கள்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் சேர்ந்த ராமானுஜன், காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று கணித அறிஞர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆன்லைன் வினாடி வினாவும் ஒரு சிலேட்டுதான். முடிவு மட்டும் மிஞ்சும், வழி அழிந்துவிடும். ராமானுஜனுக்கு அது சரி. என் வகுப்பில் மாணவர் எந்த வரியில் வழுக்கினார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் மாதம் ஒரு கணக்கையாவது செய்த தாளோடு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கி மங்கலாக்கிவிடும், ஆவணமாக இணைக்கச் சொல்லுங்கள். அறுபது தாளுக்கும் எழுதிக் கருத்துச் சொல்ல முடியாது. வழுக்கிய இடத்தை மட்டும் சொல்லும் அரை நிமிட ஒலிக்குறிப்பு முடியும். அதில் பேரைச் சொல்லி ஆரம்பியுங்கள்.

ஏழாம் படி: ஏஐ எழுதித் தருகிற அசைன்மென்ட்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அசைன்மென்ட் என்ற பழைய ஏற்பாடு ஆட்டம் கண்டுவிட்டது. "இந்தியப் பொருளாதாரத்தில் வேளாண்மையின் பங்கு" என்று பத்துப் பக்கம் கேட்டால் பத்து நொடியில் வந்துவிடும். அதற்கு முன்னால் மட்டும் என்ன, சீனியருடைய நோட்டைப் பார்த்து எழுதினார்கள். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கிறோம் என்று விற்கும் மென்பொருள்களை நம்பி ஒரு மாணவரைக் குற்றவாளியாக்காதீர்கள். சொந்தமாக எழுதியதையே அவை பிடித்துக் கொடுப்பதுண்டு.

கேள்வியை மாற்றுங்கள். நான் இப்போது கேட்பது: உங்கள் வீட்டிலோ தெருவிலோ சம்பா போட்ட ஒருவரிடம் பேசுங்கள். உழவு, நாற்றங்கால், நடவுக்கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை என்று ஓர் ஏக்கர் செலவை எழுதுங்கள். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டாரா, வியாபாரிக்குக் கொடுத்தாரா, ஏன்? பேச்சில் மூன்று நிமிடத்தை அவர் சம்மதத்தோடு பதிவு செய்து இணையுங்கள். பிறகு அதே கேள்வியை ஏஐயிடம் கேட்டு, அது சொல்லும் செலவுக் கணக்கு உங்கள் தெருவோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடறுகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். இதில் ஏஐ வேலையாள், மாணவர் கண்காணிப்பாளர். கடைசியில் இரண்டு நிமிடம் நேரில் கேள்வி கேட்கிறேன். சொந்தமாகச் செய்தவர்கள் அந்த இரண்டு நிமிடத்தை நீட்டிக்கொண்டே போவார்கள்.

எட்டாம் படி: மழை நாளுக்கு ஒரு பெட்டி

ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் விடுமுறை அறிவிப்பதை எதிர்பார்த்தே பாடத்திட்டம் போட வேண்டிய ஊர் நம்முடையது. அன்றைக்கு நேரலை வகுப்பு எடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். மழை என்றால் மின்சாரமும் இருக்காது, டவரும் இருக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாணவர்களுக்கு இணைய வகுப்பு என்ற சொல்லே கேலியாகத் தெரிந்திருக்கும்.

அக்டோபர் முதல் வாரத்திலேயே நான்கு வகுப்புக்கான ஒலிக்கோப்பையும் குறிப்பையும் தயார் செய்து, மாணவர்கள் கல்லூரியில் இருக்கும்போதே போனில் இறக்கிக்கொள்ள வைத்துவிடுங்கள். ஆளுக்கு 15 எம்பிக்குள் அடங்கும். இரண்டு பக்கப் பயிற்சித்தாளை அச்சடித்துக் கையில் கொடுங்கள். கரண்ட் போனாலும் அது ஓடும். விடுமுறை முடிந்து வரும்போது தாள் நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

கொஞ்சம் செலவழிக்கத் துறை தயார் என்றால், ராஸ்ப்பெர்ரி பை என்ற உள்ளங்கைக் கணினியில் மூடுல்பாக்ஸ், கோலிப்ரி என்ற, இணையமில்லாமல் ஓடும் பாட மென்பொருள்களில் ஒன்றைப் போட்டு வகுப்பில் வைக்கலாம். இணையமே இல்லாமல் வைஃபை கொடுக்கும். மாணவர்கள் தங்கள் டேட்டாவைத் தொடாமல் எல்லாக் கோப்பையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கணினி அறிவியல் துறை மாணவர்கள் இருவரிடம் சொன்னால் அவர்களுடைய புராஜெக்டாகவே செய்து கொடுத்துவிடுவார்கள்.

ஸ்வயம் பற்றி ஒரு வார்த்தை

ஸ்வயம் என்பது மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிமுறை, ஒரு பருவத்தில் ஒரு படிப்பின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பலகு (கிரெடிட்) பெற இடம் தருகிறது. உங்கள் பல்கலைக்கழகமும் கல்லூரியும் அதை எப்படி ஏற்றிருக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள். ஸ்வயத்தில் ஐஐடி போன்ற நிறுவனங்கள் தரும் என்பிடெல் பாடத்தில் சேருவதும் படிப்பதும் இலவசம். தேர்வுக்குக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். "சேருங்கள்" என்று சுற்றறிக்கை ஒட்டினால் சேருவார்கள், மூன்றாம் வாரத்தில் நின்றுவிடுவார்கள். வாரம் ஒரு மணி நேரம் ஆய்வகத்தில் ஒன்றாக உட்காரவைத்து, ஆங்கில விரிவுரையை நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசினால் கடைசி வரை வருகிறார்கள்.

கடைசிப் படி: கடைமடையில் போய்ப் பார்ப்பது

நான்கு வாரம் ஓடியதும், முதல் படியில் மூன்றாவது அடுக்கில் வைத்த தாள்களிலிருந்து, பகிர்ந்தாவது போன் கிடைக்கும் மூன்று பேரைத் தேர்ந்துகொள்ளுங்கள். "எல்லாம் புரியுதாம்மா?" என்று கேட்காதீர்கள். "புரியுது சார்" என்றுதான் பதில் வரும். அவர்கள் போனை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, "போன வாரப் பாடத்தைத் திறந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பாருங்கள். எங்கே விரல் தயங்குகிறது, எத்தனை முறை பின்னால் போகிறார்கள், எந்த இடத்தில் விளம்பரம் வந்து மறிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது, ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். நான் அனுப்பிய ஒலிக்குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரிப் பச்சைக் கோடுகளாக, தேதியோடு மட்டும் நின்றன. எது எந்தப் பாடம் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பாராம். "பழகிடுச்சு சார்" என்றார். அன்று சாயங்காலம் பதினான்கையும் தனித்தனிக் கோப்பாக மாற்றி, அலகு எண்ணும் தலைப்பும் தமிழில் பெயராகப் போட்டு மறுபடி அனுப்பினேன். முடிக்கும்போது இரவு பத்து மணி ஆகிவிட்டது.